டெஸ்ட்டில் வரும் சர்வர் ஏன் இவ்வளவு நல்லவராக இருக்கிறார்?

பிரவுசரில் ஓடும் கோடுக்கு (நிரலுக்கு) டெஸ்ட் எழுதுகிறவர்களிடம், நெட்வொர்க்கை எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கேட்டால் "அதெல்லாம் மாக் பண்ணிட்டோம்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள், அதாவது நிஜ சர்வரின் இடத்தில் ஒரு போலியை வைத்துவிட்டார்கள். சரி, அந்த மாக் என்னதான் செய்யும் என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள். கேட்ட மறுநொடியே பதில் தரும். எப்போதும் 200 தான், அதாவது வெற்றி. கேட்ட வரிசை மாறாது, ஒரு காற்புள்ளிகூடப் பிசகாத ஜேசன் (டேட்டாவை எழுதி அனுப்பும் வடிவம்) வரும், பாதியில் அறுந்து போகவே போகாது. இவ்வளவு ஒழுக்கமான சர்வரை நான் எந்த ப்ராஜெக்டிலும் பார்த்ததில்லை.

இந்தப் பதிவு அதைப் பற்றித்தான். எந்த லைப்ரரி உசத்தி என்ற சண்டைக்கு நான் வரவில்லை (கொஞ்சம் வருவேன்). போலி சர்வர் எழுதுவதானால் அதைக் கொஞ்சம் போக்கிரியாக எழுதுங்கள் என்பதுதான் என் கட்சி.

நான் வேலை பார்ப்பது சத்துவாச்சாரியில் ஒரு சின்ன அலுவலகம். லாட்ஜ்களுக்கான புக்கிங் சாப்ட்வேர்தான் எங்களுக்குச் சோறு போடுகிறது. வேலூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: சிஎம்சி மருத்துவமனையைச் சுற்றி காந்தி ரோடு, பாபு ராவ் தெரு, அவற்றை ஒட்டிய சந்துகள் எல்லாவற்றிலும் லாட்ஜ்தான். மேற்கு வங்கம், ஜார்கண்ட், வடகிழக்கு, பங்களாதேஷ் என்று எங்கெங்கிருந்தோ காட்பாடியில் வந்து இறங்குகிறவர்கள் நேராக இங்கேதான் வருவார்கள். பெயர்ப்பலகைகளே வங்காளத்திலும் இந்தியிலும் இருக்கும். நாலு நாள் என்று வந்தவர் ஒரு மாதம் தங்குவார், ஒரு மாதம் என்று வந்தவரை டாக்டர் மறுநாளே ஊருக்குப் போகச் சொல்லிவிடுவார். எந்த ரூம் எப்போது காலியாகும் என்று யாருக்கும் தெரியாது. ரிசப்ஷனில் கம்ப்யூட்டர் இருந்தாலும் மேனேஜர் எல்லாவற்றையும் போனில்தான் போடுவார். முதுகோடு முதுகு ஒட்டிய கட்டடங்கள், கீழ்த்தளத்தில் சிக்னல் ஒரு கோடு வந்தால் பெரிய விஷயம், வைஃபை ரவுட்டர் மாடியில் இருக்கும், அதில் தங்கியிருக்கிற அத்தனை பேரும் ஊருக்கு வீடியோ கால் பேசிக்கொண்டிருப்பார்கள். எங்கள் கோட் ஓடுகிற இடம் இதுதான். டெஸ்ட் ஓடுகிற இடமோ ஏசி அறையில் ஒரு லேப்டாப்.

இந்த சாப்ட்வேர் வேறொருவர் எழுதி எங்கள் கைக்கு வந்தது. வரும்போதே டெஸ்ட்கள் குவிந்து கிடந்தன, எல்லாமே பச்சை, அதாவது பாஸ். வந்த கொஞ்ச நாளில் ஒரு லாட்ஜ் மேனேஜர் போன் செய்தார். "ஏம்மா, ஒரே ரூமுக்கு ரெண்டு புக்கிங் காட்டுது. நான் ஒரு தபாதான் அமுக்கினேன். பார்ட்டி வந்து நிக்குது, இன்னா பண்றது சொல்லு." அவர் சொன்னது உண்மை. ஒரு தடவைதான் அமுக்கியிருக்கிறார். டெஸ்ட்டை ஓட்டினால் பச்சைதான் வருகிறது. கோடைப் படிப்பதற்கு முன்னால் அந்த டெஸ்ட்களைப் படித்தோம். அதில்தான் கதை இருந்தது.

நெட்வொர்க்கைப் போலியாக்க நம்மிடம் சில இடங்கள் உண்டு. மிகச் சுலபமானது, நம்முடைய பங்ஷனையே மாற்றிவிடுவது. ரூம் பட்டியலைக் கொண்டுவரும் பங்ஷன் ஒன்று இருக்கிறது, ஜெஸ்ட், வைடெஸ்ட் போன்ற டெஸ்ட் கருவிகளில் அந்த மாட்யூலை மாக் செய்து, "இந்தா மூன்று ரூம்" என்று கொடுத்துவிடலாம். எங்களிடம் வந்த டெஸ்ட்களில் பெரும்பாலானவை இப்படித்தான் இருந்தன. இதில் என்ன நஷ்டம் என்றால், யூஆர்எல் சரியாகக் கட்டப்பட்டதா, ஹெடர் (ரிக்வெஸ்டோடு சேர்ந்து போகும் குறிப்பு) போனதா, 500 என்ற சர்வர் எரர் வந்தால் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டிய கோட் எல்லாம் அந்த பங்ஷனுக்குள்ளேதான் இருக்கிறது. அதையே தூக்கி வெளியே வைத்துவிட்டோம். திருடன் வரக்கூடிய வாசலைக் கழற்றி வைத்துவிட்டுப் பூட்டைச் சோதிக்கிற மாதிரி.

அடுத்தது ஃபெட்சை, அதாவது சர்வருக்கு ரிக்வெஸ்ட் அனுப்பும் பிரவுசரின் சொந்த பங்ஷனை, மாற்றுவது. குளோபல் ஃபெட்சின் இடத்தில் ஒரு போலி பங்ஷனை வைப்பது. பார்க்க நன்றாக இருக்கும், முதல் நாள் நன்றாகவே போகும். ஜேசன் என்ற ஒரே ஒரு மெத்தட் உள்ள ஒரு ஆப்ஜெக்டைத் திருப்பிக் கொடுப்பார்கள். அப்புறம் கோடில் யாரோ ரெஸ்பான்ஸ் ஓகே-வா என்று பார்க்கிற வரியைச் சேர்ப்பார்கள், டெஸ்ட் உடையும், போலி ஆப்ஜெக்டில் ஓகே என்று ஒன்று முளைக்கும். பிறகு ஸ்டேட்டஸ் முளைக்கும். பிறகு ஹெடர்ஸ், அதற்கு ஒரு கெட் மெத்தட். இப்படியே போனால் ஒரு அரைகுறை பிரவுசரை நீங்களே கையால் எழுதி வைத்திருப்பீர்கள், அதுவும் டெஸ்ட் ஃபைலுக்கு ஒன்று வீதம். குறைந்தபட்சம் நிஜமான ரெஸ்பான்ஸ் கிளாஸையாவது பயன்படுத்துங்கள், பிரவுசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட்.ஜேஎஸ்ஸில் 18-ஆம் பதிப்பிலிருந்து அது உள்ளேயே இருக்கிறது. அதில் ஒரு நல்ல குணம் உண்டு: பாடியை ஒரு தடவைதான் படிக்க முடியும். ஒரே ரெஸ்பான்ஸில் ஜேசனை ஒரு தடவை படித்துவிட்டு, லாக் எழுதுவதற்காக டெக்ஸ்டை இன்னொரு தடவை படிக்கப் போனால் டைப்எரர் அடிக்கும். கையால் செய்த போலி ஆப்ஜெக்ட் நூறு தடவை கேட்டாலும் அலுக்காமல் கொடுத்துக்கொண்டே இருக்கும், இந்த பக் வெளியே தெரியவே தெரியாது.

இன்னொன்றும் இருக்கிறது. ஃபெட்ச் 404 வந்தாலும் 500 வந்தாலும் ரிஜெக்ட் ஆகாது, அதாவது எரர் என்று தூக்கி எறியாது. சர்வரிடமிருந்து ஏதோ ஒரு பதில் வந்துவிட்டால் அதைப் பொறுத்தவரை வேலை முடிந்தது. ஓகே என்பது 200-லிருந்து 299 வரைதான் ட்ரூ என்று நாம்தான் பார்க்க வேண்டும். நெட்வொர்க்கே அறுவது போல பதிலே கைக்கு வராத சமயங்களில்தான் ரிஜெக்ட் ஆகும். எங்களிடம் வந்த டெஸ்ட்களில் "சர்வர் 500 கொடுத்தால்" என்று ஒரு டெஸ்ட் இருந்தது. உள்ளே பார்த்தால், போலி ஃபெட்ச் ஒரு எரரை ரிஜெக்ட் செய்து, மெசேஜில் 500 என்று எழுதியிருந்தது. கோடில் எரரைப் பிடிக்கும் கேட்ச் இருந்ததால் டெஸ்ட் பாஸ். நிஜத்தில் 500 வந்தால் கேட்ச் பக்கமே போகாது, எரர் பக்கத்தை ரூம் பட்டியல் என்று நினைத்து வரைய முயன்று திரை வெள்ளையாகப் போகும்.

நான் இப்போது எல்லா இடத்திலும் கேட்பது இன்னும் கீழே போய்ப் போலியாக்குவதைத்தான். நம் கோட் முழுக்க நிஜமாக ஓட வேண்டும், ஃபெட்ச் நிஜமாகக் கூப்பிடப்பட வேண்டும், ரிக்வெஸ்ட் வாசலைத் தாண்டும் இடத்தில் மட்டும் நாம் குறுக்கே நிற்க வேண்டும். மாக் சர்வீஸ் வொர்க்கர், சுருக்கமாக எம்எஸ்டபிள்யூ, என்ற லைப்ரரி செய்வது இதைத்தான். பிரவுசரில் பக்கத்துக்கும் நெட்வொர்க்குக்கும் நடுவே நிற்கும் ஒரு சர்வீஸ் வொர்க்கரைப் பதிவு செய்துகொண்டு வெளியே போகும் ரிக்வெஸ்ட்களுக்கு அதுவே பதில் கொடுக்கும். நோடில் சர்வீஸ் வொர்க்கர் கிடையாது என்பதால் அங்கே எச்டிடிபி மாட்யூல், ஃபெட்ச், அதற்கு முந்தைய வழியான எக்ஸ்எம்எல்எச்டிடிபிரிக்வெஸ்ட் (எக்ஸ்எச்ஆர்) எல்லாவற்றையும் இடைமறிக்கும். எந்த ரிக்வெஸ்டுக்கு என்ன பதில் என்று எழுதி வைக்கும் ஒரே ஹேண்ட்லர் ஃபைல் இரண்டு பக்கமும் வேலை செய்யும். (நெட்டில் தேடினால் கிடைக்கிற பாதி உதாரணங்களில் ரெஸ்ட் என்று ஆரம்பிக்கும். 2023-இல் வந்த இரண்டாம் பதிப்பில் அது எச்டிடிபி என்று மாறிவிட்டது. காப்பி அடித்துவிட்டு ஏன் ஓடவில்லை என்று மண்டையைப் பிய்த்துக்கொள்ளாதீர்கள்.) பிளேரைட், சைப்ரஸ் போன்ற கருவிகளால் முழு பிரவுசரில் டெஸ்ட் செய்தால், இதே வேலைக்கு பிளேரைட்டின் பேஜ் ரூட், சைப்ரஸின் இன்டர்செப்ட்.

கீழே போவதில் இன்னொரு லாபம், மேலே லைப்ரரி மாறினாலும் டெஸ்ட் மாறாது. எக்ஸ்எம்எல்எச்டிடிபிரிக்வெஸ்ட் 1999-இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5-உடன் வந்தது, அவுட்லுக்கின் வெப் பதிப்புக்காக மைக்ரோசாஃப்டில் எழுதிய சங்கதி. அதைப் போலியாக்குவதற்கென்றே சைனான் போன்ற லைப்ரரிகளில் போலி சர்வர் வந்தது. 2015-இல் குரோமிலும் ஃபயர்பாக்ஸிலும் ஃபெட்ச் வந்தபோது, எக்ஸ்எச்ஆரை மட்டும் பார்க்கத் தெரிந்த கருவிகளுக்கு ஃபெட்ச் ரிக்வெஸ்ட்கள் கண்ணுக்கே தெரியவில்லை. சைப்ரஸில் பழைய ரூட் கமாண்ட் அப்படித்தான். 2020-இல் ஆறாம் பதிப்பில் இன்டர்செப்ட் வந்த பிறகுதான் இரண்டும் சேர்ந்து பிடிபட்டன. ரிக்வெஸ்ட் அனுப்பப் பலரும் பயன்படுத்தும் ஆக்ஸியோஸ் லைப்ரரி இன்றைக்கும் பிரவுசரில் வழக்கமாக எக்ஸ்எச்ஆரைத்தான் பயன்படுத்துகிறது. நீங்கள் ஃபெட்சை மட்டும் மாற்றி வைத்து உட்கார்ந்திருந்தால், அது பக்கத்துக் கதவு வழியாகப் போய்விடும்.

சரி, இடத்தைத் தேர்ந்தெடுத்தாயிற்று. மேனேஜரின் இரட்டை புக்கிங்குக்கு வருகிறேன்.

பழைய கோடில், புக்கிங்கை சர்வருக்கு அனுப்பும் போஸ்ட் ரிக்வெஸ்ட் தோற்றால் தானாகவே இன்னொரு தடவை அனுப்பும் வசதி இருந்தது. கெட்ட எண்ணம் இல்லை, சிக்னல் மோசமான இடங்களுக்காக எழுதியது. அதற்கு டெஸ்ட்டும் இருந்தது: முதல் கால் ரிஜெக்ட், இரண்டாவது கால் வெற்றி, திரையில் "பதிவாயிற்று" என்று வருகிறதா. வரும். பச்சை. இதில் ஒளிந்திருக்கிற அனுமானம், தோற்றால் சர்வரில் ஒன்றும் நடக்கவில்லை என்பது. நிஜத்தில் அறுந்து போவதில் இரண்டு ரகம் உண்டு. ரிக்வெஸ்ட் போய்ச் சேராமலே அறுவது ஒன்று. போய்ச் சேர்ந்து, சர்வர் டேட்டாபேஸில் எழுதி, பதில் கிளம்பி, அந்தப் பதில் பாபு ராவ் தெருவின் ஏதோ ஒரு சுவருக்குப் பின்னால் தொலைந்து போவது இன்னொன்று. பிரவுசருக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும், குரோமில் இரண்டுக்குமே "ஃபெயில்ட் டு ஃபெட்ச்" என்ற அதே டைப்எரர். கூடுதல் ஆள் சேர்க்கும் வசதி வேண்டும் என்று லாட்ஜ்காரர்களே கேட்டு வாங்கியிருந்ததால், ஒரே ரூமுக்கு இரண்டாவது பதிவு வந்தால் சர்வரும் மறுக்கவில்லை.

இதை டெஸ்ட்டில் கொண்டுவருவது எப்படி என்று எங்கள் குடியாத்தத்துத் தம்பியும் நானும் உட்கார்ந்தோம். அவன் முதலில் எழுதிய ஹேண்ட்லர் எல்லோரும் எழுதுவதுதான்: முதல் தடவை எரர், இரண்டாவது தடவை 201, அதாவது பதிவாயிற்று. "அக்கா, இது பாஸ் ஆகுதே" என்றான். பாஸ் ஆகத்தான் செய்யும். ஹேண்ட்லருக்கு ஞாபகசக்தி இல்லை. அதனால் ஹேண்ட்லருக்கு வெளியே ஒரு காலி அர்ரே (பட்டியல்) வைத்தோம், அதுதான் எங்கள் போலி டேட்டாபேஸ். போஸ்ட் வந்தால், முதலில் பாடியைப் படித்து அந்த அர்ரேயில் தள்ளிவிடு. தள்ளிய பிறகு எச்டிடிபிரெஸ்பான்ஸ் எரர் என்று திருப்பி அனுப்பு. இரண்டாவது தடவை வந்தால் மறுபடி தள்ளு, ஒழுங்காக 201 கொடு. டெஸ்ட்டின் கடைசி வரி திரையைப் பார்ப்பதோடு நிற்காமல் அந்த அர்ரேயின் நீளம் ஒன்றுதானா என்றும் பார்க்கும். ஓட்டினோம். சிவப்பு. எதிர்பார்த்தது ஒன்று, கிடைத்தது இரண்டு. மேனேஜர் போனில் சொன்னது அப்படியே திரையில் வந்து நின்றது.

நான் பார்த்த வரைக்கும் மாக் எழுதுவதில் விட்டுப்போகிற மிகப் பெரிய விஷயம் இந்த வரிசைதான்: முதலில் வேலையைச் செய், அப்புறம் தோற்றுப் போ. கட்டணம், புக்கிங், டோக்கன், எந்த இடத்தில் போஸ்ட் போனாலும் இந்த ஒரு டெஸ்ட்டை எழுதிப் பாருங்கள்.

சரிசெய்த விதம் புதிதில்லை. மேனேஜர் பொத்தானை அமுக்கியதும் பிரவுசரே ஒரு தனி அடையாள எண்ணை உருவாக்கி, ஐடெம்பொடென்சி கீ என்ற ஹெடரில் வைத்து அனுப்பும். மறுபடி முயலும்போதும் அதே எண். சர்வர் அந்த எண்ணை ஏற்கனவே பார்த்திருந்தால் புதிதாக எழுதாமல் பழைய பதிலையே கொடுக்கும். ஸ்ட்ரைப் போன்ற பேமெண்ட் ஏபிஐ-களில் பல காலமாக இருக்கிற பழக்கம்தான். ஹேண்ட்லரிலும் அந்த ஹெடரைப் பார்க்கிற வரியைச் சேர்த்தோம்: அதே எண் மறுபடி வந்தால் அர்ரேயில் தள்ளாது, ஹெடர் இல்லாமல் வந்தால் 400 என்று மறுக்கும். டெஸ்ட் பச்சையானது.

ஆனால் அந்தப் பச்சை சொல்லாத ஒன்றைத் தம்பிதான் பிடித்தான். எங்கள் ஏபிஐ, அதாவது பிரவுசர் பேசுகிற சர்வர் பக்கம், வேறு டொமைனில் இருக்கிறது. புதிதாக ஒரு ஹெடர் சேர்த்தால் பிரவுசர் முதலில் ஆப்ஷன்ஸ் என்ற முன்விசாரணையை அனுப்பும்; சர்வர் அனுமதிக்கும் ஹெடர்களின் பட்டியலில் அந்தப் பெயர் இல்லை என்றால் போஸ்ட்டே கிளம்பாது. சர்வீஸ் வொர்க்கர் தானே செய்து கொடுக்கிற பதிலுக்கு இந்தச் சோதனை எதுவும் கிடையாது. ஆக, மாக்கில் எல்லாம் பச்சையாக இருக்க, நிஜத்தில் ஊர் முழுக்க புக்கிங் நின்று போயிருக்கும். கார்ஸ் என்கிற இந்த வேறு டொமைன் அனுமதிச் சமாச்சாரத்தை நிஜ சர்வரோடு, நிஜ பிரவுசரில் தவிர வேறு எங்கும் நம்பாதீர்கள்.

இதே வகையில் இன்னொரு பொறி. அந்தத் தனி அடையாள எண்ணுக்கு கிரிப்டோவின் ரேண்டம்யூயுஐடி இருக்கிறது, ஒரே கால்தான். அது பாதுகாப்பான சூழலில் மட்டும்தான் கிடைக்கும், அதாவது எச்டிடிபிஎஸ், அல்லது லோக்கல்ஹோஸ்ட். லாட்ஜுக்குள்ளேயே ஒரு பெட்டியை வைத்து, 192.168 என்று தொடங்குகிற முகவரியில் வெறும் எச்டிடிபியில் ஓட்டுகிறவர்கள் உண்டு. அங்கே அந்த பங்ஷன் இருக்கவே இருக்காது. லேப்டாப்பில் லோக்கல்ஹோஸ்டில் பார்த்தால் ஜம்மென்று ஓடும்.

அடுத்து வரிசை. தங்கியிருப்பவர்களைப் பெயரால் தேடுகிற பெட்டி ஒன்று இருக்கிறது. மேனேஜர் "மு" என்று அடிப்பார், ஒரு ரிக்வெஸ்ட் போகும். "முக" என்று இன்னொன்று. "முகர்ஜி" என்று முடிக்கும்போது மூன்றாவது. நெட்வொர்க் சுணங்கினால் "மு"-வுக்கான நீளமான பட்டியல் கடைசியில் வந்து, சரியான பட்டியலை அழித்துவிட்டு உட்கார்ந்துகொள்ளும். பெட்டியில் இருப்பது முகர்ஜி, கீழே பட்டியலில் முதலில் நிற்பது முருகேசன். அவசரத்தில் அதை அமுக்கினால் ஒருவர் பில் இன்னொருவர் தலையில்.

இதற்கு டெஸ்ட் எழுதும்போது பலரும் மாக்கில் தாமதம் வைப்பார்கள்: முதல் பதிலுக்கு 300 மில்லிசெகண்ட், இரண்டாவதற்கு 100. வேண்டாம். நம் லேப்டாப்பில் ஓடும், டெஸ்ட்களைத் தானாக ஓட்டும் சிஐ மெஷினில் சில நாள் ஓடும், சில நாள் ஓடாது, பிறகு யாராவது அதை 3000 ஆக்குவார்கள். கடிகாரத்தை நம்பாமல் பதிலை உங்கள் கையிலேயே பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். ஹேண்ட்லர் ஒவ்வொரு ரிக்வெஸ்டுக்கும் முடிவாகாத ஒரு ப்ராமிஸுக்காக (பிறகு வரப்போகும் பதிலுக்கான டோக்கன் மாதிரி) காத்திருக்கட்டும். அதை விடுவிக்கும் சாவி டெஸ்ட்டிடம் இருக்கட்டும். "மு" போனது, "முகர்ஜி" போனது என்று உறுதி செய்துகொண்டு, முதலில் "முகர்ஜி"யை விடுங்கள், திரையைப் பாருங்கள், அப்புறம் "மு"-வை விடுங்கள், மறுபடி திரையைப் பாருங்கள். மாறக் கூடாது. ஒரு மில்லிசெகண்ட் கணக்குகூட இல்லாமல், ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி ஓடும். கோடில் இதற்கு மருந்து அபார்ட்கண்ட்ரோலர், புதிய தேடல் தொடங்கும்போது பழையதை ரத்து செய்வது. ரத்து செய்தால் பழைய ஃபெட்ச் அபார்ட்எரர் என்று ரிஜெக்ட் ஆகும், அதைப் பிடித்து "இணைப்பு இல்லை" என்று சிவப்பு எழுத்தில் காட்டிவிடாதீர்கள்; அதற்கும் அதே டெஸ்ட்டில் ஒரு வரி போதும். ஃபெட்சுக்கு எக்ஸ்எச்ஆரில் இருந்தது போல டைம்அவுட் ஆப்ஷன் கிடையாது, அபார்ட்சிக்னலின் டைம்அவுட்டைத்தான் கட்ட வேண்டும், அதில் வருவது டைம்அவுட்எரர், வேறு பெயர். இரண்டையும் ஒரே கூடையில் போட்டால் மேனேஜர் தட்டச்சு செய்யும்போதெல்லாம் எரர் மின்னும்.

பதிலே வேறு ரகமாக வருவதும் உண்டு. ராத்திரி ஷிப்ட்டில் செஷன் முடிந்துபோகும், சர்வர் லாகின் பக்கத்துக்குப் போ என்று 302 கொடுக்கும், ஃபெட்ச் தானாகவே அதைப் பின்தொடர்ந்து போய் லாகின் பக்கத்தின் எச்டிஎம்எல்லை 200 என்று கொண்டுவந்து கொடுக்கும். ஓகே ட்ரூ. ஜேசன் படிக்கப் போனால் முதல் எழுத்தே சிறு கோணக்குறி, சின்டாக்ஸ்எரர். காலியான பாடியோடு வரும் 200-உம் இதே சாதிதான், வெறும் பாடியில் ஜேசன் கேட்டால் அதுவும் எரர். இந்த இரண்டுக்கும் ஹேண்ட்லர் எழுத இரண்டு நிமிஷம் ஆகாது. எங்கள் எல்லா ஸ்கிரீனுக்கும் இவை இரண்டையும் கட்டாயமாக்கியிருக்கிறோம். லாகின் செய்யவில்லை என்று சொல்லும் 401 வருவதை மட்டும் டெஸ்ட் செய்துவிட்டு லாகின் முடிந்தது என்று டிக் போடுகிறவர்கள் தங்கள் சர்வர் உண்மையிலேயே 401 கொடுக்கிறதா என்று ஒரு தடவை பிரவுசரின் டெவ்டூல்ஸில் பார்த்துவிடுங்கள்.

ஹேண்ட்லர் இல்லாத ரிக்வெஸ்ட் வந்தால் எம்எஸ்டபிள்யூ வழக்கமாக ஒரு எச்சரிக்கையோடு விட்டுவிடும், ரிக்வெஸ்ட் நிஜ சர்வருக்கே போய்விடும். அலுவலகத்தில் இணைப்பு இருப்பதால் டெஸ்ட் பாஸ், சிஐ-யில் தோல்வி. ஆன்அன்ஹேண்டில்ட்ரிக்வெஸ்ட் என்பதை எரர் என்று மாற்றி வைத்துவிட்டால் இந்தத் தலைவலி இல்லை. ஒவ்வொரு டெஸ்ட் முடிந்ததும் ஹேண்ட்லர்களை ரீசெட் செய்வதும் அப்படித்தான், எங்கள் மாதிரி ஞாபகசக்தியுள்ள அர்ரே வைத்திருந்தால் அதையும் சேர்த்துக் காலி செய்ய வேண்டும்.

மாக் பழசாகிப் போவதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கையில் வந்த டெஸ்ட் டேட்டாவில் ரூம் எண்கள் 101, 102, 103 என்று அழகாக, எண்ணாகவே இருந்தன. நிஜ லாட்ஜில் 101ஏ இருக்கும், "மாடி ரூம்" என்றே ஒன்று இருக்கும், 13 இருக்காது. பேக்எண்டில் (சர்வர் பக்கத்தில்) அது எப்போதோ ஸ்ட்ரிங், அதாவது எழுத்து வகை, ஆகிவிட்டது, மாக் மட்டும் பழைய காலத்திலேயே நின்றுவிட்டது. இதற்கு எங்களுக்குத் தெரிந்த வழி, ஹேண்ட்லர் கொடுக்கிற பதிலை எந்தப் புலம் என்ன வகை என்று பேக்எண்ட் எழுதித் தருகிற ஓப்பன்ஏபிஐ வரையறையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. டைப்ஸ்கிரிப்ட் டைப்களை அதிலிருந்தே உருவாக்கி ஹேண்ட்லரிலும் பயன்படுத்தினால், ஒரு புலத்தின் வகை மாறியதும் மாக் கம்பைலே ஆகாது.

நிஜ டிராஃபிக்கைப் பதிவு செய்து அதையே மாக்காக ஓட்டுவது இன்னொரு வழி, பிளேரைட்டில் அப்படிப் பதிவு செய்த எச்ஏஆர் ஃபைலிலிருந்து நேரடியாக ரூட் செய்யலாம். வசதிதான். ஆனால் அந்த ஃபைலைத் திறந்து ஒரு தடவை படித்துப் பாருங்கள். குக்கி, ஆதரைசேஷன் டோக்கன், ரெஸ்பான்ஸ் பாடி எல்லாம் அப்படியே இருக்கும். எங்கள் விஷயத்தில் அது இன்னும் மோசம்: தங்குகிறவர்களின் ஆதார் எண், வெளிநாட்டவர் என்றால் பாஸ்போர்ட் விவரம். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அரசுக்கு விவரம் அனுப்ப வேண்டும் என்பதால் பங்களாதேஷிலிருந்து வருகிற ஒவ்வொரு குடும்பத்தின் விசா விவரமும் எங்கள் ஏபிஐ வழியாகப் போகிறது. சிகிச்சைக்கு வந்தவர்களின் பாஸ்போர்ட் எண்ணை கிட்டில் கமிட் செய்வதற்கு எந்த டெஸ்ட்டும் காரணமாக முடியாது. பதிவு செய்வதானால் பொய்யான ஆட்களை உள்ளே போட்ட ஸ்டேஜிங்கில் (ஒத்திகை சர்வரில்) மட்டும் செய்யுங்கள், அதையும் கையால் சலித்துவிட்டு.

நிஜ சர்வரோடு எதையுமே ஓட்ட வேண்டாமா என்று கேட்டால், வேண்டும், கொஞ்சமாக. லாகின், ஒரு புக்கிங், ஒரு பில், ஒரு ரத்து, இவ்வளவையும் ஸ்டேஜிங்கில் தினமும் ராத்திரி பிளேரைட் ஓட்டிவிடுகிறது. அது தோற்றால் பாதி நாள் ஸ்டேஜிங் படுத்திருப்பதுதான் காரணம், அதனால் அது மெர்ஜை (புது கோடைச் சேர்ப்பதை) தடுக்காது, காலையில் யாராவது ஒருவர் பார்ப்பார்.

கடைசியாக, எம்எஸ்டபிள்யூவையும் பிளேரைட்டையும் சேர்த்து வைத்திருப்பவர்களுக்கு இரண்டு விஷயம். சர்வீஸ் வொர்க்கர் பதிவாவது ஒரிஜினுக்கு, அதாவது லோக்கல்ஹோஸ்டும் போர்ட் எண்ணும் சேர்ந்ததற்கு. லாட்ஜ் ப்ராஜெக்டை 3000-இல் ஓட்டிவிட்டு மூடிவிட்டு, அதே 3000-இல் வேறு ப்ராஜெக்டைத் திறந்தால் பழைய வொர்க்கர் அங்கேயே பதிவாகி நிற்கும், எதிர்பாராத சேட்டைகள் வரும். டெவ்டூல்ஸில் அப்ளிகேஷன் டேபில் போய் அன்ரெஜிஸ்டர் செய்யுங்கள், அல்லது ப்ராஜெக்டுக்கு ஒரு போர்ட் என்று பிரித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, ஒரு ரிக்வெஸ்ட்டைப் பக்கத்தின் சர்வீஸ் வொர்க்கர் பிடித்துவிட்டால் அது பிளேரைட்டின் பேஜ் ரூட்டுக்கு வராது. ரூட் சரியாகத்தான் எழுதியிருக்கிறேன், ஏன் கூப்பிடவே இல்லை என்று தம்பி ஒரு மத்தியானம் முழுக்க யூஆர்எல் பேட்டர்னை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான். கான்ஃபிகில் சர்வீஸ்வொர்க்கர்ஸ் என்பதை பிளாக் என்று வைத்தால் போதும்.